இத்தாலிய முனிவரும் தமிழ் வினையடையும்

தோற்றுவாய்

தாய்மொழியைப் பேசுவோர்க்கு அதன் இலக்கணம் எளிதில் புலப்படுவதில்லை. உண்ணும் சோற்றில் உப்பு அளவாக இருக்கும்போது உப்பை யாரும் நினைப்பதில்லை அன்றோ! அயல்நாட்டினின்று வந்து அம்மொழியைக் கற்பவர்க்கோ ஒவ்வொரு சொல்லும் ஒரு வினாவாக எதிர்நிற்கும். 'மெல்ல வந்தான்' என்று நாம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். இதில் 'மெல்ல' என்பது எவ்வகைச் சொல்? பெயரா, வினையா, வேறொன்றா? இவ்வினாவை நம்முள் எத்தனை பேர் எழுப்பியிருப்போம்? இத்தாலி நாட்டினின்று தமிழகம் போந்த துறவியர்க்கு இது தவிர்க்க இயலாத வினாவாயிற்று. அவர்கள் பள்ளியில் பயின்ற இலக்கணத்தில் இத்தகைய சொற்களுக்கெனத் தனி வகையே உண்டு. தமிழ் இலக்கணத்தில் அவ்வாறு ஒன்று இருந்ததில்லை.

ஒரு செயல் எவ்வாறு நிகழ்ந்தது, எப்பொழுது நிகழ்ந்தது, எங்கு நிகழ்ந்தது, எவ்வளவு நிகழ்ந்தது என்று உணர்த்தும் சொல்லை இத்தாலியர் 'அவ்வேர்பியோ' என்பர். 'வினையை ஒட்டி நிற்பது' என்பது அப்பெயரின் பொருள். இக்காலத் தமிழில் அதனை வினையடை என்றும் வினையுரிச்சொல் என்றும் வழங்குகிறோம். இத்தாலிய மொழியில் வினையடை எவ்வாறு அமைகிறது, அம்மொழியினர் தமிழைக் கற்றபோது என்ன கண்டனர், அதனால் நமக்கு விளையும் பயன் யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். இஃது அயல்மொழி இலக்கணச் செய்தி மட்டுமன்று. திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் இல்லங்களில் தமிழ் எங்கே செழிக்கிறது, எங்கே மெலிகிறது என்பதையும் இச்சிறு சொல் நமக்குக் காட்டித் தரும்.

சேரநாட்டுக் கரையில் தமிழ் நூல்கள்

மேலை நாட்டவர் தமிழ் கற்ற வரலாற்றில் இன்றைய கேரள மண்ணுக்குத் தனியிடம் உண்டு. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிடப்பெற்றது. திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே புகைவண்டியில் இரண்டு மணி நேரத்திற்குள் அடையத்தக்க ஊர் அது. பதினாறே பக்கங்கள் கொண்ட அச்சிறு நூலைத் தமிழில் ஆக்கியவர் அண்டிரிக் அடிகளார் என்னும் போர்ச்சுகீசியத் துறவி. முத்துக்குளித்துறையில் வாழ்ந்த இவர், தமிழுக்குப் போர்ச்சுகீசிய மொழியில் ஓர் இலக்கணமும் எழுதினார். அது நெடுங்காலம் கையெழுத்துப் படியாகவே லிஸ்பன் நகரில் கிடந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-ஆம் ஆண்டு வெளிவந்தது.

திருச்சூர் மாவட்டத்து அம்பழக்காடு மற்றோர் ஊர். சேசு சபையினரின் கல்விக்கூடமும் அச்சுக்கூடமும் அங்கு இருந்தன. அந்தாவ் தெ புரோவென்சா என்பவர் தொகுத்த தமிழ் - போர்ச்சுகீசிய அகராதி 1679-ஆம் ஆண்டு அவ்வூரில் அச்சாயிற்று. வத்திக்கான் நூலகத்தில் காக்கப்பெற்ற அதன் படியைத் தமிழுலகம் அறியச் செய்தவர் தனிநாயகம் அடிகளார். அவர் முயற்சியால் 1966-இல் கோலாலம்பூரில் அது மறுபதிப்புக் கண்டது.

அவ்வகராதி அச்சான மறு ஆண்டில், 1680 நவம்பர் 8-ஆம் நாள், வட இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் ஒரு குழந்தை பிறந்தது. கொன்ஸ்தந்தீனோ ஜோசப் பெஸ்கி என்பது அதன் பெயர். தமிழர் நெஞ்சில் வீரமாமுனிவராக வாழ்பவர் அவரே. 1710-இல் இந்தியா வந்த அவர், தேம்பாவணி பாடினார், தொன்னூல் விளக்கம் இயற்றினார், சதுரகராதி தொகுத்தார், பரமார்த்த குரு கதையால் நகைக்க வைத்தார். இறுதியில் 1747-ஆம் ஆண்டு அம்பழக்காட்டிலேயே மறைந்தார் என்பர் அறிஞர். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, 1606-இல் மதுரை வந்து, தத்துவ போதகர் என்னும் பெயரோடு தமிழில் உரைநடை நூல்கள் வரைந்த இராபர்ட் தெ நொபிலியும் இத்தாலியரே.

இவ்விருவரும் தமிழைத் தொடும்போது வெறுங்கையோடு வரவில்லை. இலத்தீன் இலக்கணம் அவர்கள் கையில் இருந்தது. சொற்களை எட்டு வகையாகப் பகுப்பது அவ்விலக்கணம். அவ்வெட்டனுள் வினையடை ஒன்று. கிரேக்கர் வகுத்து, உரோமர் ஏற்று, ஐரோப்பியப் பள்ளிகளில் நூற்றாண்டுதோறும் பிள்ளைகள் மனப்பாடம் செய்த பகுப்பு அது. ஆகவே, எம்மொழியைக் கண்டாலும் 'இதன் வினையடைகள் யாவை?' என்று வினவுவது அவர்க்கு இயல்பாயிற்று.

இத்தாலிய வினையடையின் இயல்பு

தமிழில் அவர்கள் எதைத் தேடினர் என்று அறிய, அவர்தம் மொழியில் வினையடை எவ்வாறு பிறக்கிறது என்று முதலில் காண்பது நலம். இத்தாலிய மொழியில் பெயரடையோடு 'மென்தே' என்னும் ஈற்றைச் சேர்த்தால் வினையடை பிறக்கும். 'லென்தோ' என்றால் மெதுவான. 'லென்தாமென்தே' என்றால் மெதுவாக. 'கியாரோ' என்றால் தெளிவான; 'கியாராமென்தே' என்றால் தெளிவாக. 'ஓ' என முடியும் பெயரடை 'ஆ' எனத் திரிந்த பின்னரே மென்தே சேர்வதை நோக்குக. 'ஏ' என முடிவது திரியாது நிற்கும். ஆனால் 'லே', 'ரே' என முடிவன தம் ஈற்றுயிரை இழக்கும். எளிய என்னும் பொருளுள்ள 'ஃபாச்சிலே' என்பதிலிருந்து எளிதாக என்னும் 'ஃபாச்சில்மென்தே' பிறப்பது இவ்வாறே.

ஓகாரம் ஏன் ஆகாரமாக வேண்டும்? இங்கேதான் வரலாறு ஒளிந்திருக்கிறது. 'மென்தே' என்பது தொடக்கத்தில் ஈறே அன்று, தனிச்சொல். மனம் என்னும் பொருளுடைய இலத்தீன் பெயர்ச்சொல்லின் வேற்றுமை உருவம் அது. 'தெளிந்த மனத்தோடு சொன்னான்' என்று பழைய உரோமன் இரு சொல்லாகக் கூறியது, நாளடைவில் ஒட்டி ஒரு சொல்லாகி, 'தெளிவாகச் சொன்னான்' என்று பொருள் தரலாயிற்று. மனத்தைக் குறிக்கும் அச்சொல் இலத்தீனில் பெண்பால். ஆதலின் அதற்கு முன் நிற்கும் பெயரடையும் பெண்பால் ஈறாகிய ஆகாரத்தை ஏற்றது. மனம் மறைந்து ஈறாகிவிட்ட பின்னரும் அப்பெண்பால் அடையாளம் மறையவில்லை. போர்ச்சுகீசியம், ஸ்பானியம், பிரெஞ்சு ஆகிய உடன்பிறப்பு மொழிகளிலும் இதே வழக்கம் உண்டு. ஸ்பானியர் இரு வினையடைகளை அடுக்கும்போது இறுதிச் சொல்லில் மட்டும் 'மென்தே' சேர்ப்பர். அது முன்பு தனிச்சொல்லாய் இருந்தமைக்கு இன்றும் நிற்கும் சான்று அது.

எல்லா வினையடையும் இவ்வாறு பிறப்பதில்லை. நன்றாக என்பதற்கு 'பேனே', தீதாக என்பதற்கு 'மாலே', விரைவில் என்பதற்கு 'பிரெஸ்தோ', உடனே என்பதற்கு 'சூபித்தோ' எனத் தனிச்சொற்கள் உள. உடலின் நிலையை உணர்த்தச் சில சொற்கள் 'ஓனி' என முடியும். மண்டியிட்டு என்பதற்கு 'ஜினொக்கியோனி', குப்புற என்பதற்கு 'பொக்கோனி', இருட்டில் தடவித் தடவி என்பதற்கு 'தஸ்தோனி' என்பர். நாம் 'மெல்ல மெல்ல' என்று அடுக்குவதுபோலவே அவர்களும் 'பியானோ பியானோ' என்று அடுக்குவர்.

இப்பியானோ என்னும் சொல்லை நம் பிள்ளைகள் ஓர் இசைக்கருவியின் பெயராக அறிவர். 1700-ஐ ஒட்டிய காலத்தில் ஃபுளோரன்ஸ் நகரில் கிறிஸ்தோஃபோரி என்பவர் அக்கருவியை அமைத்தார். மெல்லவும் ஒலிக்கும், உரக்கவும் ஒலிக்கும் என்பதால் இவ்விரு பொருளும் தரும் 'பியானோ', 'ஃபோர்த்தே' என்னும் சொற்களால் அது பெயர் பெற்றது. மேலை இசையின் கால அளவுகளாகிய அதாஜியோ, பிரெஸ்தோ என்பனவும் இத்தாலிய வினையடைகளே. நம் இசைவாணர் விளம்பம், துரிதம் என்பதை ஒப்ப உலக இசைவாணர் இச்சொற்களை வழங்குகின்றனர்.

தமிழர்க்கு எளிதும் அரிதும்

தமிழர் இத்தாலியத்தைக் கற்கும்போது சில எளிமைகள் உண்டு. 'நல்ல பாட்டு', 'நல்லாப் பாடினான்' என்று நம் வீட்டுக் குழந்தையும் வேறுபடுத்தும். 'புவோனோ' என்பது நல்ல. 'பேனே' என்பது நன்றாக. இரண்டையும் மயக்கலாகாது என்னும் விதி நமக்குப் புதிதன்று.

அரியது வேறொன்று. நம் 'நல்ல' என்னும் அடை எப்பெயர் முன்னும் மாறாது நிற்கும். இத்தாலியப் பெயரடையோ புவோனோ, புவோனா, புவோனி, புவோனே எனப் பால், எண் நோக்கித் திரியும். ஆனால் வினையடை ஒருபோதும் திரியாது. 'மோல்தோ' என்னும் சொல் பெயர் முன் 'பல' என நிற்கும்போது திரியும். பெயரடைக்கோ வினைக்கோ அடையாகி 'மிக' என நிற்கும்போது திரியாது. எனவே ஒரு சொல் திரிகிறதா, நிலைத்து நிற்கிறதா என்று நோக்கியே அது பெயரடையா, வினையடையா என்று தெளியலாம். இத்தாலிய இலக்கணத்தார் வினையடையைத் தனி வகையாக்கியதன் காரணம் இதனால் விளங்கும்.

சொல் வரிசையும் நமக்கு நேர்மாறானது. 'நன்றாகப் பாடுகிறான்' என்னும் நம் தொடரில் வினையடை முன். அவர்தம் 'காந்தா பேனே' என்பதில் வினை முன், அடை பின். எதிர்மறைக்கோ இது தலைகீழாகும். நாம் 'வரவில்லை' என்று இறுதியில் மறுப்போம். அவர்கள் 'நொன்' என்னும் மறுப்பு வினையடையை வினைக்கு முன்னரே நிறுத்திவிடுவர்.

மனமும் ஆக்கமும்

இனித் தமிழுக்கு வருவோம். தெளிவாக, அழகாக, விரைவாக என்னும் சொற்களின் ஈறாகிய 'ஆக' என்பது யாது? ஆகு என்னும் வினையின் 'செய' என்னும் வாய்பாட்டு எச்சமே அது. 'ஆய்' என்பது அதே வினையின் 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம். இத்தாலியன் தெளிந்த மனத்தோடு பேசுகிறான். தமிழனோ தெளிவு ஆகுமாறு பேசுகிறான். அவன் வினையடையில் மனம் ஒளிந்திருக்கிறது. நம் வினையடையில் ஆக்கம் ஒளிந்திருக்கிறது. தனிச்சொல் தேய்ந்து ஈறாகும் நெறி இரு மொழிக்கும் பொது. மூலப்பொருள் மட்டும் வேறு. செய்பவன் உள்ளத்திலிருந்து அவர்கள் தொடங்கினர். செயலின் விளைவிலிருந்து நாம் தொடங்கினோம். மனத்தால் வினையை அடைகொளுத்தும் வழக்கமும் நம்மிடம் இல்லாமல் இல்லை. 'மனமார வாழ்த்தினார்', 'மனமுவந்து கொடுத்தார்' என்பவற்றை எண்ணுக.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறல் வேண்டும். குமரி, நெல்லை மாவட்டங்களில் மெல்ல என்பதற்குப் 'பைய' என்போம். இச்சொல் திருக்குறளிலும் உண்டு. மலையாளிகள் நாவில் 'பய்யெ' என இன்றும் வாழ்கிறது. இத்தாலியப் பியானோவும் நம் பையவும் பொருளால் ஒத்து, ஒலியாலும் சற்றே ஒத்திருப்பது கண்டு இரண்டும் ஒரே வேரின என்று முடிவு கட்டுதல் கூடாது. சமதளம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது பியானோ. பைய என்பதோ தமிழின் தனிச் சொத்து. ஒலி ஒப்புமை ஒன்றையே கொண்டு உறவு பேசுதல் தமிழுக்குப் பெருமை சேர்க்காது.

ஓர் அறையும் நான்கு வீடுகளும்

'ஆக' என்பதன் இயல்பைக் கண்ட அளவில் முனிவர்தம் தேடல் முடிந்துவிடாது. இலத்தீன் இலக்கணம் வினையடை என்னும் ஓர் அறையில் வைத்த பொருள்களைத் தமிழ் இலக்கணம் நான்கு வீடுகளில் வைத்திருந்தது.

தொல்காப்பியர் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காக வகுத்தார் என்பதை நாம் அறிவோம். வினையடை என்று இன்று நாம் கூறுவனவற்றுள் இன்று, நாளை, இங்கு, அங்கு முதலியன காலப்பெயர், இடப்பெயர் என்னும் முறையில் பெயரின் வீட்டில் வாழ்ந்தன. நாளைக்கு, இங்கிருந்து என அவை வேற்றுமை ஏற்பதே அதற்குச் சான்று. விரைந்து, உரக்க, நிரம்ப, நோக என்பன வினையெச்சங்களாய் வினையின் வீட்டில் வாழ்ந்தன. 'மெல்ல' என்பதையும் குறிப்பு வினையெச்சம் என்றே நம் ஆசிரியர்கள் கொண்டனர். படபடவென, சலசலவென என்னும் ஒலிக்குறிப்புகள் 'என' என்னும் இடைச்சொல்லின் துணையோடு இயங்கின. மிகுதி உணர்த்தும் உறு, தவ, நனி என்னும் மூன்றும் உரிச்சொல்லாயின. பவணந்தியார் நன்னூலில் இவற்றோடு சால, கூர், கழி என்பவற்றையும் சேர்த்து ஆறாகக் கூறினார்.

இதனைக் குறைபாடு என்று கருதுதல் தவறு. இலத்தீன் இலக்கணம் ஒரு சொல் தொடரில் என்ன பணி செய்கிறது என்று பார்த்து வகுத்தது. தமிழ் இலக்கணம் அச்சொல் எக்குடியில் பிறந்தது என்று பார்த்து வகுத்தது. அலுவலகத்தில் ஒரே மேசைப் பணியைச் செய்யும் நால்வர் நான்கு ஊரினராக இருத்தல் கூடும். பணி நோக்கி ஒருவர் ஒரு பட்டியல் எழுதுவார்; பிறப்பிடம் நோக்கி மற்றொருவர் வேறு பட்டியல் எழுதுவார். இரண்டும் உண்மையே.

முனிவர் கொண்ட முடிவு

வீரமாமுனிவரின் பெருமை இவ்விடத்தில்தான் நமக்கு விளங்குகிறது. அவர் ஐரோப்பியத் துறவியர் பொருட்டு இலத்தீனில் தமிழ் இலக்கணங்கள் எழுதினார். அவற்றுள் கொடுந்தமிழாகிய பேச்சுவழக்கின் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அவர் கத்தோலிக்கர், தரங்கம்பாடி அச்சகமோ அவரோடு சமயப்போர் புரிந்த லூத்தரன் சபையினருடையது. மாற்றாரும் விலக்க இயலாத அளவுக்கு அந்நூல் பயனுடையதாய் இருந்தது! செந்தமிழுக்கு அவர் எழுதிய இலத்தீன் இலக்கணத்தைப் பாபிங்டன் ஆங்கிலத்தில் பெயர்த்து 1822-இல் சென்னையில் வெளியிட்டார்.

ஆனால் தமிழர்க்கெனத் தமிழிலேயே இலக்கணம் எழுதப் புகுந்தபோது முனிவர் என் செய்தார்? தொன்னூல் விளக்கத்தில் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என ஐந்திலக்கணம் வகுத்தார். சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காகவே நிறுத்தினார். இலத்தீனின் எட்டுப் பகுப்பு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் தாய்நாட்டுப் பள்ளிகளில் வினையடைக்குத் தனியிடம் இருந்தது. ஆயினும் தமிழில் ஐந்தாவது வீடு ஒன்றைப் புதிதாகக் கட்டி, அதில் மெல்லவையும் நாளையையும் நனியையும் கொண்டுபோய்க் குடியேற்ற அவர் முற்படவில்லை. மாற்றம் செய்ய அஞ்சியவர் அல்லர் அவர். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு எழுத்தில் தெளிவாகத் தோன்றுமாறு செய்தவர் அவரே என்று கூறுவர். வேண்டிய இடத்தில் மாற்றினார். வேண்டாத இடத்தில் தமிழின் அமைப்பைத் தமிழின் வழியே ஏற்றார். விருந்தினராக வந்த வீட்டில் தட்டுமுட்டுகளை இடம் மாற்றாத பண்பு அது.

அவர்க்குப் பின் வந்தோர் இவ்வினாவை வேறு வகையில் விடுத்தனர். நெல்லைச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர், 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், இம்மொழிகளில் வினையடை எனத்தக்க தனி வகை இல்லை என்றும், வினையடையாகப் பயன்படுவன பெயர்களும் வினையெச்சம் முதலிய வினை வடிவங்களுமே என்றும் கருதினார். ஐரோப்பிய முறையைத் தழுவிய பாடநூல்களிலோ வினையுரிச்சொல் என்னும் பெயர் நிலைத்தது. இக்கால மொழியியலார் பலர், ஆக என்பது வினையடை ஈறாகவே நிலைபெற்றுவிட்டது என்பர்.

அண்டை வீட்டு இலக்கணம்

நம் பிள்ளைகள் இந்நகரத்துப் பள்ளிகளில் மலையாளமும் பயில்கின்றனர். அம்மொழிக்கும் இத்தாலிக்கும் பழைய தொடர்பு உண்டு. மலையாளத்தில் அச்சான முதல் நூலாகிய 'ஸம்க்ஷேபவேதார்த்தம்' 1772-இல் ரோமாபுரியில் அச்சிடப்பெற்றது. அதனை ஆக்கிய கிளெமெந்தே என்னும் துறவி இத்தாலியரே. பின்னாளில் திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியில் பேராசிரியராய் விளங்கிய ஏ.ஆர். ராஜராஜவர்மா, 1896-இல் வெளிவந்த கேரளபாணினீயத்தில், பெயரடை, வினையடை இரண்டையும் உள்ளடக்கிப் 'பேதகம்' என்று ஒரு வகை கண்டார். பெயரையும் வினையையும் வேறுபடுத்திக் காட்டுவது என்பது அதன் கருத்து. அவ்வழியில் பயிலும் மாணவர் வினையடையைக் 'கிரியாவிசேஷணம்' என்பர்.

மலையாளத்தார் 'நன்னாயி' என்பதும் நாம் 'நன்றாய்' என்பதும் ஒரே அமைப்பே. ஆகு என்னும் வினையின் எச்சம் இரண்டிலும் நிற்கிறது. தமிழ் பெரும்பாலும் 'ஆக' என்பதைத் தேர்ந்தது. மலையாளம் 'ஆயி' என்பதைத் தேர்ந்தது. ஒரு கொடியில் பூத்த இரு மலர்கள் இவை. இதனை எடுத்துக்காட்டினால், மலையாளம் கற்பது தமிழுக்குத் தடை என்று கலங்கும் பெற்றோர் கலங்க மாட்டார்கள். ஒன்றன் இலக்கணம் மற்றொன்றுக்கு விளக்காகும். இத்தகைய ஒப்பீட்டு ஆய்வுக்கு இந்நகரமே ஒரு நிலைக்களம். பேராசிரியர் வ.அய். சுப்பிரமணியம் அவர்களின் முயற்சியால் 1971-இல் திராவிட மொழியியற் கழகம் தோன்றியது இங்கேதான்.

நம் இல்லங்களில் தேய்வது எது?

தேய்வு வேறிடத்தில் நிகழ்கிறது. நம் பிள்ளைகள் பேசும் தமிழில் வினையடையின் நான்கு வீடுகளுள் ஒன்றே திறந்திருக்கிறது. வேகமா, மெதுவா, சத்தமா, அழகா, நிறையா என எல்லாவற்றையும் 'ஆ' என முடித்துவிடுகின்றனர். விரைந்து ஓடு, உரக்கப் படி, நிரம்பக் கொடு, இறுகக் கட்டு, கூர்ந்து கேள், வாயாரப் புகழ், கண்குளிரக் காண் என்னும் வழக்குகள் பாட்டிமார் நாவோடு நின்றுவிடும் நிலையில் உள்ளன. 'கெட்டியாகக் கட்டு' என்பதிலும் பொருள் விளங்கும். ஆயினும் 'இறுகக் கட்டு' என்னும்போது கயிறு இறுகுவதையே செவி உணர்கிறது. பெயரோடு ஆக சேர்க்கும்போது பண்பு மட்டும் தோன்றுகிறது. வினையெச்சத்தைச் சொல்லும்போது செயலே கண்முன் நிகழ்கிறது.

எம் போன்ற எழுத்தர்களின் பணியும் இத்தேய்வுக்குத் துணைபோகிறது என்றால் மிகையன்று. மத்திய அரசு அலுவலகங்களில் ஆங்கிலக் கோப்புகளோடு வாழ்வோர் யாம். பிரபோத், பிரவீண், பிராக்ஞ என்னும் தேர்வுகளுக்காக இந்தியும் பயில்கிறோம். 'டியூலி' என்றால் முறையாக, 'கைண்ட்லி' என்றால் தயவாக, 'இம்மீடியட்லி' என்றால் உடனடியாக என ஓர் ஆங்கில ஈற்றுக்கு ஒரு தமிழ் ஈறு என்று கணக்குப் பார்த்து மொழிபெயர்க்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது. பொருளாதார ரீதியாக, உணர்வுபூர்வமாக, அதிகாரபூர்வமாக என்னும் சொற்கள் செய்தித்தாளிலும் மேடையிலும் பெருகியதும் இவ்வாறே. 'உணர்ந்து பேசினார்' என்று இரண்டு சொல்லில் முடிவதை 'உணர்வுபூர்வமாகப் பேசினார்' என்று நீட்டுவதால் உணர்வு கூடிவிடுமா? 'தயவுகூர்ந்து' என்னும் எச்சம் இருக்கத் 'தயவாக' எதற்கு?

இத்தாலியர் தம் மொழியைக் காத்த முறை இங்கு நினைக்கத்தக்கது. ஃபுளோரன்ஸ் நகரில் 1583-இல் ஒரு சங்கம் நிறுவினர். 'குரூஸ்கா' என்பது அதன் பெயர். தவிடு என்று பொருள்! தவிட்டை நீக்கி நல்ல மாவைச் சலித்தெடுப்பது போல் மொழியைத் தூய்மை செய்வோம் என்று அப்பெயர் சூடினர். 1612-இல் அச்சங்கத்தின் அகராதி வெளிவந்தது. இத்தாலி ஒரே நாடாகியது 1861-இல். அதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்னரே மொழிக்கு ஒரு பொதுவீடு கண்டுவிட்டனர். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டதும், தமிழ் நாட்டு எல்லைக்கு வெளியே வாழும் நாம் ஊர்தோறும் சங்கம் வைத்திருப்பதும் அத்தகைய நோக்கத்தாலேயே. சலிப்பது மட்டும் சங்கத்தின் வேலையன்று. கைவிடப்பட்ட நல்ல சொல்லை மீண்டும் புழங்கச் செய்வதும் அதன் வேலையே.

இக்கரையும் அக்கரையும்

இன்று நிலைமை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது. அன்று இத்தாலியர் கடல் கடந்து வந்து 'மெல்ல' என்பதன் இயல்பை ஆராய்ந்தனர். இன்று சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் இலங்கைத் தமிழர் குடியேறி வாழ்கின்றனர். கேரளத்திலிருந்து செவிலியரும் அருட்சகோதரியரும் இத்தாலி சென்று பணிபுரிகின்றனர். அங்குள்ள தமிழ்ப் பிள்ளை பள்ளியில் 'லென்தாமென்தே' என்று எழுதிவிட்டு, வீட்டில் அன்னையிடம் 'மெல்ல' என்று கேட்கிறது. அப்பிள்ளைக்கும், பள்ளியில் 'பதுக்கெ' என்று கற்று வீட்டில் 'பைய' என்று கேட்கும் நம் பிள்ளைக்கும் நிலை ஒன்றே. இருவருக்கும் தமிழ் தானே வந்து சேராது. யாரேனும் எடுத்துக் கொடுத்தல் வேண்டும்.

எவ்வாறு கொடுப்பது? வினையடைக்கு வரைவிலக்கணம் ஒப்புவிக்கச் சொல்வதால் பயனில்லை. 'எப்படி?' என்னும் ஒரு வினா போதும். 'மழை பெய்தது' என்று பிள்ளை கூறினால் 'எப்படிப் பெய்தது?' என்று கேட்போம். 'நல்லா' என்று விடை வரும். 'வேறு எப்படி?' என்று மீண்டும் கேட்போம். விட்டு விட்டுப் பெய்ததா, அடித்துப் பெய்ததா, சோவெனக் கொட்டியதா, பிசுபிசுவெனத் தூறியதா? ஆனி, ஆடி மாதங்களில் இந்நகரத்து மழை ஒரே நாளில் இத்தனை விதமாகவும் பெய்வது கண்கூடு. ஒவ்வொரு விதத்திற்கும் தமிழில் ஒரு சொல் காத்திருக்கிறது. நாளுக்கு ஒரு வினை எனக் கொண்டாலும் ஓராண்டில் ஒரு பிள்ளை எத்தனை வழக்குகளைத் தனதாக்கிக்கொள்ளும்!

முடிவுரை

வினையடை இல்லாமலும் தொடர் முடியும். 'வந்தான்' என்றாலே செய்தி தெரிந்துவிடும். விரைந்து வந்தானா, தயங்கித் தயங்கி வந்தானா, சொல்லாமல் கொள்ளாமல் வந்தானா என்பதில்தான் வந்தவனின் வாழ்வு தெரியும். வெளியூரில் வாழ்வோரின் தாய்மொழி முதலில் இழப்பது பெயர்களையும் வினைகளையும் அன்று, இத்தகைய சொற்களையே. செய்தி எஞ்சும், சாயல் போய்விடும்.

வடஇத்தாலியில் பிறந்த ஒருவர், முப்பது வயதில் தமிழ் மண்ணை அடைந்து, நான்கு வீட்டுச் சொற்களையும் தேடித் தேடிக் கற்று, 3,615 பாடல்களில் ஒரு காப்பியமே பாட இயன்றது. தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்த நம் மக்கட்கு அது பன்மடங்கு எளிதாதல் வேண்டும். வீரமாமுனிவர் கண் மூடிய இக்கேரள மண்ணில் வாழும் நாம், அவர் வருந்தித் தேடிய செல்வத்தை நம் வீட்டு முற்றத்திலேயே சிந்திவிடாது காப்போம். பிள்ளைகளோடு நாள்தோறும் நாவினிக்கத் தமிழ் பேசுவோம். அவர்களும் வாயாரப் பேசச் செவிகுளிரக் கேட்போம்.